குளிர்மை என்று நான் கொடுத்தது

இரண்டு கோடைக்கு முன், ஒரு ஜனவரி மாதம், சிட்னியில் வென்ட்வேர்த்வில் ஸ்டேஷனுக்குக் கிட்ட இருக்கிற எங்கள் வீட்டில் தொடங்கி, அரை மணி நேரக் கார் ஓட்டத்தில் இருந்த ஒரு மிருக வைத்தியரின் அறையில் முடிந்த விஷயம் இது. எழுதுவதா வேண்டாமா என்று நீண்ட நாள் யோசித்தேன். எழுதினால் என் மானம் போகும். எழுதாவிட்டால் நெஞ்சுக்குள் கிடந்து குடையும். போனால் போகட்டும் என்று எழுதுகிறேன்.

முதலில் என்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் இங்கே ஒரு முதியோர் இல்லத்தின் குசினியில் பதினைந்து வருடமாக வேலை செய்கிறேன். இன்னாருக்குச் சீனி ஆகாது, இன்னாருக்குக் கடலை ஆகாது, இன்னாருக்கு எல்லாவற்றையும் மசித்துத்தான் கொடுக்க வேண்டும் என்று சுவரில் தாள் ஒட்டியிருக்கும். அந்தத் தாளில் இல்லாத ஒன்றை நான் ஒருநாளும் ஒருவருடைய தட்டிலும் வைத்ததில்லை. வேலையில் நான் அப்படி.

வேலைக்கு வெளியே நான் வேறு ஆள். எங்கள் பக்கத்துத் தமிழ்ச் சனத்தில் யாருக்கு வாய்ப்புண் வந்தாலும், பிள்ளைக்குச் சூட்டுக்கட்டி வந்தாலும், எனக்குத்தான் ஃபோன் வரும். "அன்ரி, இதுக்கு என்ன குடுக்கலாம்?" என்று கேட்பார்கள். எது சூடு, எது குளிர்மை, எது தோலில் கிரந்தி கிளப்பும் என்று கடகடவென்று சொல்லுவேன். படித்துப் பட்டம் வாங்கவில்லையே தவிர, இந்த விஷயத்தில் எனக்கு என்மேல் சரியான நம்பிக்கை. கொஞ்சம் தலைக்கனம் என்றும் சொல்லலாம்.

என் மகளுக்கு ஒரு நாய் இருந்தது. எட்டுக் கிலோ வரும். வெள்ளை உடம்பு, ஒரு காது மட்டும் பழுப்பு. மகளின் திருமணம் முறிந்த வருடத்தில் அவள் வாங்கி வந்த குட்டி அவன். அந்த வருடம் அவள் சாப்பிடவில்லை, கதைக்கவில்லை, கட்டிலை விட்டு எழும்பவில்லை. நான் சொல்லியும் எழும்பாதவள், அவன் வந்து போர்வையைப் பல்லால் இழுத்தால் எழும்புவாள். அவனை வெளியே கூட்டிப் போக வேண்டுமே என்று சப்பாத்துப் போடுவாள். அப்படித்தான் என் பிள்ளை மெல்ல மெல்லத் திரும்பி வந்தாள். அதனால் எனக்கு அவன் வெறும் நாய் இல்லை.

பிறகு மகளுக்கு மெல்பேர்னில் ஆறு மாத வேலை கிடைத்தது. ட்ருகனினாவில் அவள் எடுத்த அறையில் நாய் வைத்திருக்க விடமாட்டார்கள். அவனை என்னிடம் விட்டுவிட்டுப் போகும்போது வாசலில் நின்று ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

"அம்மா, ப்ளீஸ், உங்கட கைவைத்தியம் ஒண்டும் இவனுக்குச் செய்யக்கூடாது."

"எனக்கு விசரே பிள்ளை" என்றேன்.

அவள் போய் ஒரு மாதத்தில் அவனுக்குத் தோல் அரித்துக் கடி தொடங்கியது. வயிற்றில் சிவப்புச் சிவப்பாகத் தடிப்பு. காதைச் சொறிவான், காலை நக்குவான், தரைவிரிப்பில் முதுகைத் தேய்ப்பான். வழக்கமான வைத்தியர் தந்த குளிசையில் நின்றது, விட்டதும் திரும்ப வந்தது. மகள் மெல்பேர்னில் இருந்தபடியே தேடி வேறொரு வைத்தியரைப் பிடித்தாள். இங்கே முறைப்படி மிருக வைத்தியம் படித்தவர், அதோடு விலங்குகளுக்கான சீன வைத்தியமும் படித்தவர். என்னைவிடப் பத்து வயதாவது குறைந்த சீனப் பெண், மெல்லிய குரல். மகள் வீடியோ கோலில் இருக்க, நான் அவனைத் தூக்கிக்கொண்டு போனேன்.

அந்த முதல் நாளை மறக்க முடியாது. தெள்ளுப்பூச்சி இருக்கிறதா என்று சீப்பால் வாரிப் பார்த்தார், தோலைச் சுரண்டி எடுத்தார். இதெல்லாம் மற்ற வைத்தியரும் செய்ததுதான். அதன் பிறகு அவர் கதிரையை விட்டு இறங்கி நிலத்தில் உட்கார்ந்தார். அவனுடைய பின்னங்கால் இரண்டின் உள்பக்கத்திலும் மூன்று மூன்று விரலை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு நாடி பார்த்தார். நாய்க்கு நாடி பார்க்கிறதை நான் என் வாழ்நாளில் அன்றைக்குத்தான் கண்டேன். அவன் வாயைத் திறக்கும்வரை காத்திருந்து நாக்கின் நிறத்தைப் பார்த்து எழுதிக்கொண்டார். முதுகு நெடுக உள்ளங்கையை வைத்து எங்கே சூடு, எங்கே குளிர் என்று தடவிப் பார்த்தார். கேட்ட கேள்விகள்தான் எனக்குப் பிடித்தன. எங்கே படுக்கிறான், மெத்தையிலா ஓட்டுத் தரையிலா? எவ்வளவு தண்ணீர் குடிக்கிறான்? எந்த நேரம் கூடச் சொறிகிறான்? கடி ஒரே இடத்தில் நிற்கிறதா, இடம் மாறுகிறதா?

ஓட்டுத் தரையைத் தேடிப் படுக்கிறான், கடி இடம் மாறுகிறது என்றேன். அவர் சிரித்தபடி விளக்கினார். உடம்பில் இரண்டு பக்கம் உண்டாம். ஒன்று குளிர்ந்தது, அசையாதது, இரவு போன்றது. மற்றது சூடானது, ஓடுவது, பகல் போன்றது. இரண்டும் ஒன்றையொன்று பிடித்து வைத்திருக்கும் வரைக்கும் சுகம். ஒன்று மிஞ்சினால் நோய். இவனுக்குச் சூடு மிஞ்சிவிட்டது, அந்தச் சூட்டோடு காற்றும் சேர்ந்துவிட்டது, இடம் மாறுகிற கடி காற்றின் குணம் என்றார். உணவுக்கும் அந்தக் குணம் உண்டு, ஆட்டிறைச்சியும் கோழியும் சூட்டைக் கூட்டும், வாத்தும் வெள்ளை மீனும் குறைக்கும் என்று ஒரு தாளை நீட்டினார்.

தாளைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. வெள்ளரிக்காய், குளிர்மை. பயறு, குளிர்மை. வத்தகப்பழம், குளிர்மை. எல்லாம் நாங்கள் சொல்லுகிறதுதான்! நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இருக்கவில்லை. எங்கள் ஆட்களுக்கும் இது தெரியும், வாதம், பித்தம், கபம் என்று மூன்றாகச் சொல்லுவோம், சின்னப் பிள்ளைக்கும் தெரியும் என்று என் அரைகுறை ஆங்கிலத்தில் கொட்டித் தள்ளினேன். அவர் சந்தோஷமாகக் கேட்டார். பிறகு, நாய்க்கு ஆகாத சில சாமான்கள் இருக்கின்றன, அவை என்ன குணமாக இருந்தாலும் என்று தொடங்கினார். நான் "யெஸ், யெஸ், ஐ நோ" என்றேன். அவர் சொல்ல வந்ததைப் பாதியில் விட்டார். தெரியும் என்கிற ஆளுக்குத் திரும்பச் சொல்வது மரியாதை இல்லை என்று நினைத்திருப்பார்.

அன்றைக்கு ஊசியும் குத்தினார். தலைமயிர் தடிப்புக்கூட இல்லாத ஊசி. காது நுனியில், முதுகில், முழங்காலுக்குக் கீழே. அவன் கத்துவான் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன், அவன் கொட்டாவி விட்டுவிட்டு என் காலடியில் படுத்தான். இரண்டு கிழமை கழித்து இரண்டாம் தடவை போனபோது நாக்கின் சிவப்புக் குறைந்திருக்கிறது என்று வைத்தியர் எழுதிக்கொண்டார். கடியும் பாதி குறைந்திருந்தது. அதோடு நான் விட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

அதற்குப் பிறகுதான் அந்த வெக்கை வந்தது. சிட்னியின் மேற்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும், கடல் காற்று எட்டிப் பார்க்காது. மூன்று நாள் தொடர்ந்து நாற்பது பாகைக்கு மேல் போனது. அவனுக்குக் கடி திரும்பவும் தலைதூக்கியது. இந்த வெக்கைக்கு வாத்தும் வெள்ளரிக்காயும் காணாது என்று நான் முடிவு கட்டினேன். எங்களுக்குத் தெரிந்ததிலேயே பெரிய குளிர்மை என்ன? பழஞ்சோறு. தண்ணீர் விட்டு வைத்த சோற்றைக் காலையில் தயிர் விட்டுப் பிசைந்து, சின்ன வெங்காயம் நாலைந்தை இடித்துப் போட்டேன். நாய்க்கு என்றபடியால் பச்சைமிளகாயும் உப்பும் போடவில்லை. நான் அவ்வளவு மடைச்சி இல்லை என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

அவன் நக்கித் துடைத்துத் தின்றான். அடுத்த நாளும் கொடுத்தேன். ஐந்தாம் ஆறாம் நாளில் சொறிவது நின்றுவிட்டது. ஓட்டுத் தரையில் ஆறுதலாகப் படுத்திருந்தான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. மகளுக்கு ஃபோன் எடுத்து, கடி எல்லாம் அடங்கிவிட்டது, எவ்வளவு அமைதியாகப் படுத்திருக்கிறான் பார் என்று வீடியோவில் காட்டினேன். என்ன கொடுக்கிறேன் என்று மட்டும் சொல்லவில்லை. சொன்னால் கத்துவாள், முழுக்கச் சுகமானபிறகு சொல்லி வாயடைக்கச் செய்யலாம் என்று இருந்தேன்.

எட்டாம் நாள் அவன் புல்லில் விட்ட மூத்திரம் தேயிலைச் சாயம் போல இருந்தது. வேறு யாராவது என்றால் பயந்திருப்பார்கள். நான் பயப்படவில்லை, ஏனென்றால் எனக்குத்தான் எல்லாம் தெரியுமே. வெக்கைக்குச் சூடு பிடித்துவிட்டது என்று சொல்லிக்கொண்டு, அன்றைக்கு வெங்காயத்தைக் கூட்டிப் போட்டேன். இந்த வரியை எழுதும்போது இப்போதும் என் கை கூசுகிறது.

பத்தாம் நாள், மூன்றாம் தடவை வைத்தியரிடம் போகிற நாள். ஊசி குத்தி முடிந்ததும் ஏதாவது தின்னக் கொடுப்பது வழக்கம், அதனால் ஒரு சின்னச் சாப்பாட்டுப் பெட்டியில் பழஞ்சோற்றைப் போட்டு என் கைப்பைக்குள் வைத்துக்கொண்டேன். காருக்கு நடக்கும்போது அவன் நடுவழியில் உட்கார்ந்துவிட்டான். தூக்கிக்கொண்டு போனேன்.

வைத்தியர் ஊசித் தட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வழக்கம்போல நாக்கைப் பார்த்தார். பார்த்தவர் எழுதவில்லை. உதட்டை உயர்த்திப் பல்முரசை விரலால் அழுத்தினார். முரசு பழைய கடதாசி நிறத்தில் இருந்தது. கண் இமையை இழுத்துப் பார்த்தார், நெஞ்சில் குழாயை வைத்தார். பிறகு ஊசித் தட்டை எடுத்து அலமாரிக்குள் வைத்து மூடினார். பழைய நூல்களில் இதற்கு இரத்தக் குறைவு என்று ஒரு பெயர் இருக்கிறது, அதற்கு ஊசிப் புள்ளிகளும் இருக்கின்றன, ஆனால் இன்றைக்கு ஒன்றும் குத்த மாட்டேன், இப்போதே இரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார்.

நான் கடி நின்றுவிட்டது, அமைதியாக இருக்கிறான் என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கடி நிற்கவில்லை, சொறிய இவனிடம் பலம் இல்லை என்றார்.

அன்றைக்கும் மகள் வீடியோ கோலில் இருந்தாள்; ஃபோனில் அவளுடைய முகம் வெளிறிப் போனது.

வைத்தியர் நேராகக் கேட்டார். நான் தந்த தாளில் இல்லாதது ஏதாவது கொடுத்தீர்களா? எலி மருந்து, செடி, மனிதச் சாப்பாடு, ஏதாவது?

"நோ" என்றேன். "ஒன்லி யுவர் லிஸ்ட்."

வெங்காயம் நாய்க்கு நஞ்சு என்று அப்போது எனக்குத் தெரியாது, சத்தியமாகத் தெரியாது. ஆனால் தாளில் இல்லாததைக் கொடுத்தேன் என்பது தெரியும். மகள் பார்த்துக்கொண்டிருந்தாள். வாசலில் அவள் சொன்னது என் காதுக்குள் கேட்டது. பதினைந்து வருடம் மற்றவர்களுடைய தட்டுக்குப் பொறுப்பாக நின்ற என் வாயிலிருந்து அந்தப் பொய் எவ்வளவு சுலபமாக வந்தது என்று நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேல் கோபம் வருகிறது.

வைத்தியர் என்னை நம்பினார். அப்படியென்றால் இவனுடைய உடம்பே இவனுடைய இரத்தத்தை அழிக்கிறதோ என்று சந்தேகம், அதற்குக் கடுமையான மருந்து இன்றைக்கே தொடங்க வேண்டும், தொடங்கினால் மாதக் கணக்கில் விட முடியாது, வேறு கெடுதலும் வரும் என்று விளக்கினார். பிறகு இரத்தத் துளியை மைக்ரோஸ்கோப்பில் பார்க்க உள்ளே போனார்.

அறையில் நானும் அவனும் ஃபோனும். மகள் அழத் தொடங்கினாள். "ஐ ஷுட்ன்ட் ஹாவ் லெஃப்ட் ஹிம். நான் அவனை விட்டுட்டுப் போயிருக்கக்கூடாது அம்மா. என்ர பிழை." திரும்பத் திரும்ப அதையே சொன்னாள். அந்தப் பழைய வருடத்தில் கட்டிலில் கிடந்து அழுத அதே குரல். அவன் அந்தக் குரலைக் கேட்டு வாலை ஒருமுறை ஆட்டப் பார்த்தான், முடியவில்லை.

என்னுடைய பிழையை என் பிள்ளை தன் தலையில் தூக்கி வைக்கிறாள், நான் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. கைப்பையைத் திறந்து சாப்பாட்டுப் பெட்டியை எடுத்து மேசையில் வைத்தேன். "பிள்ளை, உன்ர பிழை இல்லை. நான் பழஞ்சோறு குடுத்தனான். பத்து நாளாக் குடுத்தனான்" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது.

வைத்தியர் திரும்பி வந்தபோது பெட்டியைக் காட்டினேன். அவர் மூடியைத் திறந்தார். தயிர் மணத்துக்கு மேலே பச்சை வெங்காய மணம் அறை முழுக்கப் பரவியது. அவர் கேட்டது ஒன்றுதான், எவ்வளவு, எத்தனை நாள்? சொன்னேன். அவர் பெருமூச்சு விட்டபடி கதிரையில் உட்கார்ந்தார். மைக்ரோஸ்கோப்பில் பார்த்த இரத்த அணுக்களில் ஓரத்தில் மொட்டு மொட்டாக ஏதோ தெரிந்தது, காரணம் விளங்காமல் வந்தேன், இப்போது விளங்கிவிட்டது என்றார். வெங்காயம் நாயின் இரத்தத்தை உடைத்துவிடுமாம். அந்தக் கடுமையான மருந்து தேவையில்லை, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனால் இரத்தம் ஏற்றிக் காப்பாற்றப் பார்க்கலாம் என்றார். எங்கள் கணக்கில் குளிர்மையான அந்தச் சாமான் அவருடைய கணக்கில் சூடு என்பதையும் அன்றைக்குத்தான் அறிந்தேன். ஆனால் சூடோ குளிர்மையோ, நாய்க்கு அது நஞ்சு. அவர் முதல் நாள் தந்த தாளைப் புரட்டினால் பின்பக்கத்தில் முதல் வரியிலேயே இருந்தது. நான் புரட்டவே இல்லை.

அவர் என்னைத் திட்டவில்லை. முதல் நாள் அந்த வசனத்தை நான் முடித்திருக்க வேண்டும், பாதிப் பிழை என்னுடையது என்றார். அவருடைய பிழை ஒரு துளியும் இல்லை. அந்தப் பெருந்தன்மையில் நான் இன்னும் சிறுத்துப் போனேன்.

மகள் "ஃபோனை டொக்டரிட்டக் குடுங்கோ" என்றாள், அவ்வளவுதான். அடுத்த நாள் காலை விமானத்தில் வந்துவிட்டாள். அதற்குள் ஆஸ்பத்திரியில் யாரோ முகம் தெரியாத ஒருவருடைய பெரிய நாயின் இரத்தம் அவனுக்குள் ஏறியிருந்தது. நாலு நாள் அவன் கூண்டுக்குள், நாங்கள் இரண்டு பேரும் வெளியே பிளாஸ்டிக் கதிரையில். நாலாம் நாள் அவன் தானாக எழும்பி நின்றான், முரசில் இளஞ்சிவப்பு வந்துவிட்டது என்று தாதி வந்து சொன்னாள். மகள் அழுதாள், நானும் அழுதேன். அழுது முடிந்தபிறகுதான் அவள் கேட்டாள்.

"நீங்கள் வேணுமெண்டு செய்யேல்லை. அது எனக்குத் தெரியும். ஆனா டொக்டர் கேக்கேக்க ஏனம்மா இல்லை எண்டனீங்கள்?"

உனக்குப் பயந்து என்று சொல்ல வாயெடுத்தேன். அதுவும் முழு உண்மை இல்லை. என்னைக் கேட்டு ஊரே சாப்பிடுகிறது, நான் போய் எனக்குத் தெரியாது என்று எப்படிச் சொல்வது என்கிற வீம்புதான். அந்த வீம்புக்கு ஒரு உயிரை விலையாகக் கொடுக்கப் பார்த்தேன். "வெக்கமாக் கிடந்தது பிள்ளை" என்று மட்டும் சொன்னேன். அவள் என் கையைப் பிடிக்கவில்லை. எழும்பிப் போகவும் இல்லை.

பிறகு அவள் நாய் வைத்திருக்க விடுகிற வேறு வீடு பார்த்து, அவனைக் காரில் மெல்பேர்னுக்குக் கொண்டு போய்விட்டாள். என்னிடம் விடவில்லை என்று எனக்கு வருத்தம்தான், ஆனால் அவள் செய்தது சரி. அந்தச் சீன வைத்தியர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அவருடைய அந்தப் பழைய வைத்தியத்தில் பாதி, பொறுமையாகப் பார்ப்பதும் கேட்பதும்தான் என்று இப்போது நினைக்கிறேன். ஒவ்வொரு தடவையும் நாக்கைப் பார்த்து எழுதி வைத்திருந்ததால்தான் வெளிறியதை அவர் ஒரு நொடியில் கண்டுபிடித்தார். நானோ அவனைப் பார்க்கவே இல்லை. அவன் சோர்ந்து கிடந்ததும், மூத்திரம் கறுத்ததும் எனக்கு ஏற்கெனவே தெரிந்த பதிலுக்குள் பொருந்திப் போயின.

இந்த ஈஸ்டருக்கு மெல்பேர்ன் போயிருந்தேன். கதவு திறந்ததும் அவன் ஓடி வந்து என்மேல் பாய்ந்தான். மகள் ஒரு துண்டு வேக வைத்த மீனை என்னிடம் நீட்டி, "நீங்களே குடுங்கோ" என்றாள். அவன் மோந்துகூடப் பார்க்காமல் வாங்கித் தின்றுவிட்டு, இன்னும் வேண்டும் என்று என் முகத்தைப் பார்த்தான். தன்னைச் சாகக் கிடத்தியது இந்தக் கைதான் என்று அவனுக்கு ஒருநாளும் தெரியப்போவதில்லை. அது தெரிந்த ஆளாக நான் இருக்கிறேன், அவன் அப்படி நம்பி வாயைத் திறக்கிற ஒவ்வொரு தடவையும்.